வீட்டுக் கொல்லைக்கு உரிய நாட்டுச் செடிகள்

ஆடி பிறந்துவிட்டால், சங்கத்திற்கு வரும் நமது அங்கத்தினர்கள் நூலையும் உரத்தையும் பற்றிப் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும் தறுவாயில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக் கொல்லையில் இரண்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது, அதில் என்ன வைக்கலாம்?" என்பதே அது. கேட்பவர் நெசவாளராயினும் விவசாயியாயினும், பெரும்பாலும் ஒரு செடியை மனத்தில் முன்னரே தீர்மானித்துக்கொண்டுதான் கேட்கிறார். எங்கோ ஒரு நாற்றுப் பண்ணையின் வாயிலில் பூத்துக் குலுங்கிய ஒன்றைக் கண்டிருப்பார். அதன் பெயரோ, பிறந்த நாடோ, பத்து ஆண்டுகளுக்குப் பின் அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதோ அவருக்குத் தெரிந்திராது. நம்மிடம் அவர் வேண்டுவது ஆலோசனை அன்று, ஆமோதிப்பு.

நாம் அவரிடம் திருப்பிக் கேட்பவை இரண்டு. அச்செடி உங்கள் வீட்டில் என்ன வேலை செய்ய வேண்டும்? உங்கள் ஊர் மண்ணில் அது தானாக முளைத்து, எவரும் நீர் ஊற்றாமல் நின்றதை நீங்கள் கண்டதுண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணும் வழியே இம்மாதப் பாடம்.

நாட்டுச் செடி எது?

நெடுநாளாகக் கண்ணில் படுவதெல்லாம் நாட்டுச் செடி என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அது சரியன்று. மிளகாய் இல்லாமல் நமக்கு ஒரு வேளைச் சமையல் நடவாது. அம்மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. 1492-ல் கொலம்பஸ் அக்கண்டத்தை ஒட்டிய தீவுகளை அடைந்த பின்னரே அது கடல் கடந்து இங்கு வந்தது. தக்காளி, கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி, மரவள்ளி, நிலக்கடலை ஆகியவையும் அக்கண்டத்திலிருந்து வந்தவையே. மாலைக்குத் தொடுக்கும் செண்டுமல்லி மெக்சிகோவைச் சேர்ந்தது. திருஷ்டி கழிய வாசலில் கட்டித் தொங்கவிடும் சோற்றுக் கற்றாழையின் தாயகம் அரபு நாடு. புளிய மரங்கூட ஆப்பிரிக்காவில் தோன்றி, மிகப் பழங்காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது என்பதே தாவர நூலார் கொள்கை.

இதைக் கேட்ட அங்கத்தினர் ஒருவர், "அப்படியானால் குழம்பை எதில் வைப்பது?" என்று நம்மை மடக்கினார். மிளகாயையும் தக்காளியையும் பிடுங்கி எறியுமாறு சொல்ல நாம் வரவில்லை. அவை பாத்திப் பயிர்கள். நாம் விதைத்து, நீர் ஊற்றி, களை எடுத்தால் வாழும். கைவிட்டால் ஒரு கோடையில் மடியும். அவற்றால் ஊருக்குத் தீங்கு விளைந்ததில்லை. வேலியாகவும் நிழலாகவும் ஓரச் செடியாகவும் பல்லாண்டுகள் தம் காலிலேயே நிற்க வேண்டியவற்றின் கதை வேறு. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் இம்மண்ணுக்கு உரியது எது, வெளியிலிருந்து வந்தது எது என்ற வேறுபாடு பெரிதாகிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் கிராமங்களில் வேலிகாத்தான் என்று வழங்கும் சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்து முள்மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்தில் விரைந்து வளரும், விறகு தரும், வேலியாக நிற்கும் என்பன அதற்கு வழங்கப்பட்ட நற்சான்றுகள். அவற்றுள் ஒன்றும் பொய்யன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆனால் அதன் இனிப்பான காயைத் தின்ற ஆடுமாடுகள், செரியாத விதைகளைத் தம் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெங்கும் விதைத்தன. வேலிக்கென வைத்த மரம் கண்மாய்க்குள் புகுந்தது, வாய்க்காலை அடைத்தது, மேய்ச்சல் நிலத்தில் புல் இல்லாமல் ஆக்கிற்று. வெட்டினாலோ அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் தழைத்தது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற உத்தரவிடும் அளவிற்குக் காரியம் முற்றிற்று. 2022-ல் தமிழ்நாடு அரசு இத்தகைய அயல் தாவரங்களைக் குறித்துத் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது.

உண்ணிச்செடியின் கதையும் இதுவே. அது அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு வந்து, பின்னர் நம் மலையடிவாரக் காடுகளையெல்லாம் மூடிக்கொண்டது. அதன் இலையைத் தின்ற மாடு நோயுறும். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது என்பதற்காக அதன் வகைகளை இப்போதும் தொட்டியில் வைத்து விற்கிறார்கள்; நம்மவரும் வாங்குகிறார்கள். வந்த செடிகள் எல்லாம் இவ்வாறு பரவுவதில்லை என்பது உண்மையே. ஆனால் பரவப்போவது எது என்பது நடும் நாளில் தெரிவதில்லை.

ஊருக்கு ஊர் வேறு

இந்தியாவில் பிறந்த செடி என்பது மட்டும் போதாது. நம் வட்டாரத்திற்கு உரியதாக இருத்தல் வேண்டும். நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று அந்நிலத்துச் செடிகொடிகளின் பெயரையே இட்டதை இங்கு நினைவுகொள்ளலாம். நீலக்குறிஞ்சி உயர்ந்த மலைச்சரிவுகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அதைப் பரமக்குடியில் நட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பதில் பயனில்லை.

கோயில்களின் தல விருட்சங்களைக் கவனித்தாலும் இவ்வுண்மை விளங்கும். மயிலாப்பூரில் இருப்பது புன்னை. அது கடற்கரை மரம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் உள்ள திருவானைக்காவில் இருப்பது வெண்ணாவல். அது ஈரம் விரும்புவது. சிதம்பரத்திற்கு உரிய தில்லையோ பிச்சாவரத்தின் உப்பங்கழிச் சேற்றில் வளர்வது. (பக்தியின் மிகுதியால் தில்லையை எவரும் வீட்டிற்குக் கொண்டுவர வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.)

ஆகவே, செடி வாங்கப் புறப்படுமுன் அங்கத்தினர்கள் ஒரு நாள் காலையில் தம் ஊரையே ஒருமுறை சுற்றி வருதல் நலம். ஐயனார் கோயில் தோப்பு, ஏரிக்கரை, ஓடையோரம், எவரும் உழாத மேட்டு நிலம் ஆகியவையே உண்மையான நாற்றுப் பண்ணைகள். அங்கே யாரும் நீர் ஊற்றாமல் நிற்பவற்றின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்க. பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள்; எந்தச் செடியை ஆடு தின்னும், எதைத் தின்னாது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வார். வேலிக்குச் செடி தேடுபவருக்கு அது மிகவும் வேண்டிய செய்தி.

பின்னர் வீட்டிற்கு வந்து கொல்லையில் முழ ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நீரை நிரப்பி வற்றவிட்டு, மறுபடியும் நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய நீர் ஒரு மணி நேரத்திற்குள் மறைந்தால் மண் இளகியது. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் களி மிகுந்தது. செம்மண் மேட்டில் வேம்பு, சரக்கொன்றை, ஆவாரை, நெல்லி, நுணா ஆகியவை செழிக்கும். உசிலையும் அம்மண்ணுக்கு ஏற்றதே. அதன் இலையை உலர்த்தி இடித்ததுதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. கரிசலில் வேம்பும் வெள்வேலும் இலந்தையும் நிற்கும். உவர் தட்டிய நிலத்தில் புங்கமும் பூவரசும் தாங்கும். கடலோர மணலுக்குப் புன்னை, பூவரசு, தாழை. நீர் நிற்கும் இடத்திற்கும் வாய்க்கால் ஓரத்திற்கும் நாவல், நீர்மருது, நொச்சி. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி வந்தவருக்கு இது தானே விளங்கியிருக்கும்.

பாவடிக்கு எந்த மரம்?

இனி நமது தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நெசவாளர் குடியிருப்பில் மரம் நடும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வீட்டுக் கொல்லைகளோடு, பாவு நீட்டிக் கஞ்சி போடும் பாவடிக்கும் மரம் வைக்க வேண்டும். கோடையில் செக்கச் செவேலெனப் பூக்கும் மயிற்கொன்றையே வேண்டுமென்று நாம் தீர்மானித்தோம். அது மடகாஸ்கர் தீவின் மரம். பாவு தோய்ப்பதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் அப்போது நம்மிடம் வந்து, "பாவடிக்குப் புங்கந்தானுங்க தோது, இது முறியற மரமுங்க" என்று சொன்னார். அவர் பழகியதையே சொல்கிறார் என்று எண்ணி நாம் அதைப் பொருட்படுத்தவில்லை.

சில ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே இருந்தது. பூத்த காலத்தில் வந்தவர்கள் நம்மைப் பாராட்டினார்கள். ஆனால் பங்குனியிலும் சித்திரையிலும், நிழல் மிகவும் வேண்டிய நாட்களில், அம்மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதை நெசவாளர்கள் கவனித்தார்கள், நாம் கவனிக்கவில்லை. ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் ஒரு மாலை, கோடை மழைக்கு முன்னே வீசிய காற்றில் ஒரு பெருங்கிளை விரிசல் கண்டது, விழவில்லை. மறுநாள் விடியற்காலையில் அதன் கீழே பாவு நீட்டினார்கள். கஞ்சியின் ஈரம் காயுமுன் கிளை முறிந்து பாவின் மேல் விழுந்தது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. அறுந்த இழைகளை முடிந்து எடுக்க இரண்டு குடும்பங்களுக்குப் பல நாட்கள் ஆயின. அந்நாட்களுக்குக் கூலி கொடுக்க எந்தக் கணக்கிலும் இடமிருக்கவில்லை. நாம் போய் நின்றபோது பெரியவர் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. குனிந்தபடியே இழைகளை முடிந்துகொண்டிருந்தார். அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் நமக்கு இலகுவாக இருந்திருக்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருக்களில் சாய்ந்து கிடந்தவற்றுள் மயிற்கொன்றையும் அதைப் போன்ற அயல்நாட்டு நிழல் மரங்களும் மிகுதியாக இருந்தன. நாட்டு மரம் விழவே விழாது என்று நாம் சொல்லவில்லை. கடும் புயலில் எதுவும் விழும். ஆயினும் சாதாரணக் கோடைக் காற்றுக்கே முறியும் மரத்தை, மனிதர் நின்று வேலை செய்யும் இடத்தில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

பெரியவர் சொன்ன புங்கத்தின் குணங்களை நாம் பின்னர்தான் கற்றோம். அதன் கிளைகள் வளைந்து கொடுப்பவை. பழைய இலையைக் கோடை முற்றுமுன் உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடுவதால், சித்திரை வெயிலுக்கு அடர்ந்த நிழல் ஆயத்தமாக இருக்கும். அவரை இனத்தைச் சேர்ந்தது ஆகையால் வேர் முடிச்சுகளின் மூலம் தழைச்சத்தைச் சேர்க்கிறது. உவர் நீரையும் ஓரளவு பொறுக்கும். விதையில் எண்ணெய் உண்டு, பிண்ணாக்கு எருவாகும், தழையை வயலுக்கு மிதிக்கலாம். பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கும். குறை இல்லாமல் இல்லை. பூ வாரக்கணக்கில் உதிரும். இலைகளில் பூச்சி முடிச்சுகள் தோன்றிப் பார்வைக்கு நன்றாயிராது. உதிர்ந்த பூ உலர்ந்ததாகையால், பாவு நீட்டுமுன் ஒருமுறை பெருக்கினால் போதும். நூலில் கறை ஏறாது.

நாட்டு மரம் என்பதற்காக மட்டும் மற்றவற்றைப் பாவடியில் வைத்துவிடலாகாது. நாவல் நல்ல மரந்தான். ஆனால் அதன் பழம் விழுந்த இடமெல்லாம் ஊதாக் கறை. இலுப்பையின் பூ சதைப்பற்றும் இனிப்பும் உடையது. இரவில் வௌவால்கள் வந்து இறைத்துவிட்டுப் போகும். வேம்பு ஆனி, ஆடியில் பழுத்தவுடன் காகங்கள் கூடும். அவற்றின் எச்சம் வெள்ளைப் பாவின் மேல் விழுவதை எந்த நெசவாளரும் விரும்பார். வேம்பைத் தெருவின் முனையிலும், நாவலையும் இலுப்பையையும் கொல்லைக் கோடியிலும் வைத்துக்கொள்ளலாம்.

குழித்தறி உள்ள வீட்டிற்கு இன்னொரு யோசனை. பருத்தி நூல் காற்றில் ஈரம் இருக்கும்போது வலுவாக நிற்கும். வறண்ட வெப்பத்தில் அடிக்கடி அறும். ஆகவே தறி இருக்கும் அறையின் மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் படாமல் காத்தல் அவசியம். சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு புங்கமோ வேம்போ வைத்தால் இவ்வேலை நடக்கும். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றைச் சுவருக்கோ கிணற்றுக்கோ அருகில் விடலாகாது. பறவை எச்சத்தில் முளைத்த சிறு கன்றுதானே என்று அலட்சியம் செய்தால், அது கட்டடத்தைப் பிளந்துவிடும்.

உயிர்வேலி

வேலிதான் கொல்லையின் பாதி. கம்பி வேலிக்குச் செலவிடும் பணத்தை மீதப்படுத்தி, நிலத்திற்கும் நன்மை செய்வது உயிர்வேலி. காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுக்கட்டைப்புல் வளர்ந்த மேய்ச்சல் நிலம், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி என அமைந்த அந்நிலங்கள், நீர் இறைக்காமலே தலைமுறைகளாக மாடுகளைக் காத்து வந்துள்ளன. கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் போதும். வேர்விட்டு முள்ளோடு தழைக்கும்.

சிறிய கொல்லைக்குக் களா மிகவும் ஏற்றது. இரட்டை முள்ளுடன் அடர்ந்து வளரும். வெள்ளைப் பூ மணக்கும். காயை ஊறுகாய் போடலாம். காவலும் காயும் ஒருங்கே தருவதால் நமது விருப்பம் இதன் மேல்தான். ஆடு நுழையும் பக்கத்தில் ஆடாதோடையையும் நொச்சியையும் கலந்து வைக்கலாம்; இரண்டையும் ஆடு தொடுவதில்லை, இரண்டும் குச்சி நட்டால் வளரும், இரண்டும் கைமருந்துக்கு உதவும். நொச்சித் தழையை உலர்த்தித் தானியக் குதிரில் இடுவதும், மாலையில் புகைத்துக் கொசு ஓட்டுவதும் நம் பாட்டிமார் அறிந்ததே.

பூவரசைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போத்து ஊன்றினால் வரும், மாட்டுக்கு நிழல், கலப்பைக்கும் வண்டிக்கும் உறுதியான மரம், பிள்ளைகளுக்கு இலையில் பீப்பீ. இத்தனை நற்குணங்கள் இருப்பினும் அது பருத்தி இனத்தைச் சேர்ந்தது. பருத்திப் பஞ்சில் கறை ஏற்றும் சிவப்பு நாவாய்ப்பூச்சி, வயலில் பருத்தி இல்லாத காலத்தில் பூவரசிலும் இலவ மரத்திலும் தங்கி வாழும். பருத்தி விதைக்கும் அங்கத்தினர்கள் தம் வயல் வரப்பில் பூவரசை வைப்பது, எதிரிக்கு நாமே சத்திரம் கட்டிக் கொடுப்பதாகும். கறைபட்ட பஞ்சின் நட்டம் பருத்தி விளைவிப்பவரோடு நிற்பதில்லை. நூலாகி நெசவாளர் கைக்கும் வருகிறது. பருத்தி பயிரிடாத ஊரிலும் தெருவிலும் பூவரசை ஐயமின்றி வைக்கலாம்.

வேலியில் நாட்டுச் செடிகள் நிறைந்திருந்தால் வண்டும் தேனீயும் வரும். பூசணி, பாகல், புடல், சுரை ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றிற்குப் பூச்சிகள் எடுத்துச் செல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். பிஞ்சு உதிர்கிறதே என்று மருந்து தெளிப்பவர்கள் உண்டு; அம்மருந்து வரவேண்டிய பூச்சியையும் கொன்றுவிடுகிறது. வேலியில் எப்போதும் ஏதேனும் ஒன்று பூத்திருக்குமாறு கலந்து வைப்பதே இதற்குப் பரிகாரம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு, வளர்ந்தபின் பச்சை நிறமாகிக் கருநிறப் பட்டாம்பூச்சியாக மாறும். பெரிய செடிக்கு அதனால் கெடுதல் இல்லை. கைக்கன்றாக இருந்தால் ஒரே வாரத்தில் மொட்டையடித்துவிடும். அப்போது புழுவை எடுத்துப் பெரிய செடியில் விடுக. சமையலுக்குப் பறிக்கும் செடியில் மருந்து அடிக்க வேண்டாம்.

இரண்டு சென்டுக்கு ஒரு திட்டம்

இரண்டு சென்ட் என்பது ஏறத்தாழ 870 சதுர அடி. இதில் பெரிய மரம் ஒன்றுக்கு மேல் வைத்தால் சில ஆண்டுகளில் இருட்டறையாகிவிடும். மேற்குப் புறத்தில் அந்த ஒரு மரம். வடக்கிலும் தெற்கிலும் களா வேலி. வேலியின் மேல் ஒருபுறம் முல்லையும், மறுபுறம் தூதுவளையும் பிரண்டையும் படரட்டும். அடுக்களை வாயிலில் கறிவேப்பிலையும் துளசியும். பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில் வாழையோ சேம்போ. கிழக்கு வெயில் படும் இடம் முழுவதும் கத்திரி, வெண்டை, அவரை, மிளகாய்ப் பாத்திகளுக்கு. இதை அப்படியே நகல் எடுக்க வேண்டாம்; காகிதத்தில் உங்கள் கொல்லையை வரைந்து, கிணறும் தொட்டியும் வழியும் எங்கே என்று குறித்துக்கொண்டு மாற்றிக்கொள்க.

சாயம் தோய்க்கும் வீடுகளுக்கு ஒரு சொல். கஞ்சி வடித்த நீரும் மிஞ்சிய பசையும் எருக்குழிக்குப் போகலாம். சாயத் தொட்டியின் கழிவையும் சலவைப் பொடி கரைத்த நீரையும் எக்காரணத்தாலும் செடிக்கு விடலாகாது. உப்புத் தாங்கும் மரம் என்று புங்கத்தைச் சொன்னோமே என்று எவரும் அதற்கு விலக்குத் தேட வேண்டாம். அந்நீர் கிணற்றில்தான் போய்ச் சேரும்.

சாயத்தைப் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்லிவிடலாம். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்குப் பெயர் தேடித் தந்தது மணற்பாங்கில் தானே வளரும் சிறு செடியான சாயவேர். நுணா வேரிலும் சிவப்பு உண்டு; நீலத்திற்கு அவுரி. கொல்லையில் ஒரு பாத்தி அவுரி போட்டுத் தொழில் நடத்த இயலாது. ஒரு சிட்டம் நூலைத் தோய்த்துப் பிள்ளைகளுக்குக் காட்ட இயலும். அவுரியின் தழை மண்ணுக்கும் உரமாகும்.

விதையும் நடவும்

நாட்டுச் செடிகளுக்கு விலை கொடுக்க வேண்டியது அரிது. காலம் அறிந்து விதை எடுப்பதே தேவை. பலரும் தவறுவது இங்குதான். வேப்பங்கொட்டை இரண்டு மூன்று வாரங்களுக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆடியில் பொறுக்கி, பானையில் வைத்துப் புரட்டாசியில் விதைத்தால் ஒன்றும் வராது. நாவலும் கறிவேப்பிலையும் அவ்வாறே. பழத்தின் சதையைக் கழுவி நீக்கிவிட்டு உடனே நிழலில் விதைக்க வேண்டும். சரக்கொன்றை இதற்கு நேர் எதிர். அதன் விதையோடு கடினமானது. கொரகொரப்பான கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்த பின்னரே முளைக்கும். ஒரே மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுக்காமல், ஊரில் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் ஐந்தாறு நல்ல மரங்களிலிருந்து எடுத்துக் கலந்துகொள்வது நன்று. ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றிற்கும் வராமல் இருக்க அது உதவும்.

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகையால் புரட்டாசியின் கடைசியிலோ ஐப்பசியின் தொடக்கத்திலோ நட்டால், முதல் மூன்று மாதங்களுக்கு வானமே நீர் ஊற்றிவிடும். மரத்திற்கு இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து நிரப்புக. நாட்டுச் செடிக்கு நீரே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. வேர் ஆழம் போகும்வரை, அதாவது முதல் இரண்டு கோடைகளுக்கு, வாரம் இருமுறை ஒவ்வொரு குடம் ஊற்றியே ஆக வேண்டும். அடியில் சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிப் பரப்பினால் கரையான் வரும். ஒரு சாண் தள்ளிப் பரப்புக.

அரளி, எருக்கு, செங்காந்தள் ஆகியவை நஞ்சுடையவை என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் மறக்கலாகாது. செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கு உயிரைப் போக்க வல்லது. கிழங்கு தோண்டும் விளையாட்டு உள்ள வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

நமது சங்க நாற்றங்காலுக்கு இவ்வாண்டு வேம்பு, நாவல், கறிவேப்பிலை விதைகள் உடனே வேண்டும். புங்க விதை சேர்த்து வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வரலாம். விதையைக் காற்றோட்டமுள்ள துணிப்பையில் கட்டி, எந்த மரத்திலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெந்துவிடும். பெயர் தெரியாத செடியைப் பற்றிக் கேட்க விரும்புவோர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வராமல், பூவும் காயும் உள்ள சிறு கிளையாகக் கொண்டு வரவும்.